குறிப்பு: எண்பது எழுத்துக்குள்

மாரத்தஹள்ளிப் பாலத்துக்கு எதிரே, ஏழாவது மாடியில்,
இரவு ஒன்பதரைக்கு மேல் என் பெயர் ஐரிஸ்.
பணக்கார நாடுகளைக் கூப்பிட்டு
நீங்கள் இரக்கமுள்ளவரா என்று கேட்கும் வேலை.

அப்படி நேராகக் கேட்க மாட்டோம்.
போன முப்பது நாளில்
முன்பின் தெரியாத யாருக்காவது உதவினீர்களா?
ஆம், இல்லை, சொல்ல விருப்பமில்லை.
நன்கொடை? எவ்வளவு?
ரத்தம்?
எல்லாவற்றுக்கும் ஒரே அளவுக் கட்டம்.

டொராண்டோவில் ஒருத்திக்கு
மாதம் ஐம்பது டாலர் கார்டிலிருந்து தானாகப் போகிறது.
யாருக்கு என்று நினைவில்லை,
ஏதோ திமிங்கலம் என்றாள். ஆம்.

டல்லாஸில் கூரை வேய்கிறவர்
கேள்வி முடிவதற்குள் ஆம் என்றார்.
எதிர்வீட்டுப் பையனுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன்,
பெட்ரோல் பங்கில் உண்டியல் வைத்து
தெருவே போட்டதாம்.
இவர் போட்டது இருநூறு,
அந்த மாதம் வேனுக்குத் தவணை கட்டவில்லை.
சொல்லும்போது குரல் உடைந்தது.
அதே ஆம். திமிங்கலத்துக்குப் போட்ட அதே ஆம்.

பெர்கனில் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவர்
உண்டியலா, எதற்கு என்றார்.
இங்கே முதுகெலும்பை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.
சம்பளத்தில் அவ்வளவு வரி போகிறதே,
அதை உன் கட்டம் கேட்காதா?
கேட்காது, சார்.
அப்போ இல்லை என்று போடு.
ஏழு கேள்விக்கும் இல்லை.

உண்டியல் நிரம்பிய தெருவையும்
உண்டியலே வேண்டாத தெருவையும்
எந்தத் தராசில் ஏற்றுவது?

லிங்கராஜபுரத்தில், கன்னடப் பள்ளியில்,
பதினோரு பேருக்காக நடந்த தமிழ் வகுப்பில்
ஒழுகும் மூலையில் உட்கார்ந்து படித்தேன்:
தாழ்ந்து நிற்பவன் ஈ என்று கேட்பான்,
சமமானவன் தா என்பான்,
உயர்ந்தவன் கொடு என்பான்.
பரீட்சையில் மாற்றி எழுதி இரண்டு மார்க் போனது.
என் கேள்வித்தாளில் ஒரே வினைச்சொல்.
கேட்டவர் எங்கே நின்று கேட்டார் என்று
அதற்குத் தெரியாது.

எட்டாவது கேள்விக்கு முன் எனக்கு இருமல் வந்தது.
ஏசி இருமல், மூன்று வாரமாக.
பேசாதே என்றார் பெர்கன்காரர்.
போய் வெந்நீர் குடி, நான் இருக்கிறேன்.
இருந்தார்.
திரும்பி வந்து ஹெட்போனை மாட்டியபோது
அந்தப் பக்கம்
ஒரு கரண்டி கிண்ணத்தில் மெல்லத் தட்டும் சத்தம்.
நாலு நிமிடம் பதினெட்டு விநாடி.

குறிப்புப் பத்தியில் எண்பது எழுத்து பிடிக்கும்.
காத்திருந்தார் என்று அடித்தேன்.
அம்ரீன் அழித்தாள். இதற்குக் குறியீடு இல்லையே, புஷ்பலீலா.
அந்த நாலு நிமிடம்
என் கணக்கில் வீண்நேரமாக ஏறியது,
போனஸில் முந்நூறு ரூபாய்.

நேற்று பட்டியல் வந்தது, கேக் வெட்டினோம்.
டல்லாஸ் மேலே, பெர்கன் கீழே,
இடையில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்.
நாங்கள் அதில் இல்லை.
வசதியானவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பரீட்சை.

விடிகாலை நாலரைக்கு கேப்.
ஹெண்ணூர் திருப்பத்தில், மழையில்,
சாப்பாடு கொண்டுபோகும் பையன் ஒருவன்
பைக்கோடு சறுக்கிக் கிடந்தான்.
சிக்கண்ணா வண்டியை நிறுத்தினார்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கதவு திறந்தது. கன்னடத்தில் ஏதோ,
இன்னொரு குரல்,
பைக்கை நிமிர்த்தும் உலோகச் சத்தம்,
ஒரு சிரிப்பு கூட.
அரை மணி இருக்கும். ஆறு நிமிடமாகவும் இருக்கலாம்.
ஈரக் காலோடு வந்து உட்கார்ந்தார்,
துணியில் கை துடைத்தார்,
கண்ணாடியில் பின்னால் பார்த்திருப்பார்,
ரேடியோவைக் குறைத்தார்
நான் தூங்குகிறேன் என்று.