பதினேழு

சோஹாரில் வெள்ளிக்கிழமை. ஏசி சொட்டுகிறது.
அட்சரேகை கேட்ட கட்டத்தில்
தீர்க்கரேகையைக் கொடுத்துவிட்டேன்.
நாற்பத்தொரு கேம்ப்பும் ஒரே தாவலில்
லாத்வியாவின் ஏதோ பைன் காட்டில் போய் விழுந்தன.
"அங்கேயே விட்டு வை,
ஜூலை முடியட்டும்" என்றான் சகாயம்.

திருத்தினேன்.
புள்ளிகள் வெயிலுக்குத் திரும்பின.

அடுத்து, தண்ணீர் லாரிப் பட்டியலை
வரைபடத்தோடு இணைக்கும் பாடம்.
நாற்பது கட்டங்களில் நீலம் ஏறியது.
ஒன்று மட்டும் வெறுமை.
அரைமணி நேரம் முறைத்தேன்.
பதினேழு என்ற எண்ணுக்குப் பின்னால்
யாரோ தட்டிவிட்டுப் போன ஒற்றை இடைவெளி;
என் கண்ணுக்குத் தப்பியது
மென்பொருளுக்கு உறுத்தியிருக்கிறது.

அழித்தேன். நிறம் வந்தது,
வந்ததா என்று சந்தேகப்படும்படி.
வாரம் ஒரே லாரி.

பதினேழில்தான் நாங்கள் இருக்கிறோம்.
சகாயம் துண்டோடு குளிக்கப் போனான்.
குழாய் இரண்டு முறை இருமியது.