ஆறாம் பாகம்

குஷிரோவில் மூடுபனிக்கு விடுமுறை கிடையாது.
மீன் ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
நான் வரும்போது மணி நாலரை.
துறைமுகத்துக்குப் பின்னால்
காசு போட்டால் துவைக்கும் கடை.
ஆறு இயந்திரம், அதில் ஒன்று எப்போதும் பழுது.
ஒரு பெஞ்சு. ஓர் அலமாரி.
யார் யாரோ விட்டுப்போன மாங்கா.

முதல் பாகத்தின் அட்டைக்குள்
பச்சை மையில் ஒரு துண்டுச்சீட்டு:
"இரண்டாம் பாகத்தோடு நிறுத்திவிடாதே.
மூக்கெல்லாம் கோணல்தான், ஒத்துக்கொள்கிறேன்.
மூன்றாவதில் கை வரையவும் வந்துவிடும்,
வரைபவருக்குக் கையும் வந்துவிடும்."

கதை இதுதான்.
ஒசாகாவில் லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருத்தி, இசுருகி.
அத்தியாயத்துக்கு ஒருமுறை
இரண்டு மாடிகளுக்கு நடுவே
யாரோடாவது மாட்டிக்கொள்கிறாள்.
வாள் இல்லை, பேய் இல்லை,
உலகம் ஒருதடவைகூட அழிவதில்லை.
கடன்காரன், கல்யாணப் பெண்,
தன்னைவிட நீளமான ட்ராம்போனோடு ஒரு பையன்,
ஒருமுறை வெறும் பிரிட்ஜ்.
பிரிட்ஜ் அத்தியாயத்தில்தான் நான் சிரித்து
சோப்புத்தூளை மடியில் கொட்டிக்கொண்டது.

ஐந்தாம் பாகம் முடிகிற இடத்தில்
கதவிடுக்கில் ஒரு கை.
யாருடையது என்று அவளுக்குத் தெரியும்,
அவள் முகம் நமக்குச் சொல்கிறது.
பக்கத்தைப் புரட்டினால் விளம்பரம்.
அலமாரியில் அடுத்து நிற்பது
ஏழு.

சம்பளக் கவரைக் கிழித்து எழுதி ஒட்டினேன்:
"ஆறை எடுத்துப்போனவரே,
உங்கள் துணி காயாமலே போகட்டும்."

மறுவாரம் சுவரெல்லாம் பதில்.
பச்சை மை: "நான் எடுக்கவில்லை. ஆனால் படித்திருக்கிறேன்.
அக்காவின் கை. இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை."
பென்சில், சாய்ந்த எழுத்து: "அக்காவா?
பழைய கணவன். பேசிக்கொண்டே இருப்பான்,
மழையில் எதுவும் காதில் விழாது."
ஹிரகானா மட்டும் தெரிந்த ஒரு குழந்தை:
"பிரிட்ஜ் திரும்ப வரும்."
பெயர் போட்டு எழுதுபவர் டாக்சிக்காரர் மினெகிஷி மட்டும்:
"யார் கை என்று காட்டவே மாட்டார்கள்.
பன்னிரண்டு பக்கம் வசனமே கிடையாது.
வண்டியை ஓரம் கட்டி அழுதேன்.
மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது."

ஸ்டேஷன் புத்தகக்கடையில் ஆறு இருந்தது.
ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைதான்.
எடுத்தேன். பிளாஸ்டிக் உறையைத் தடவினேன்.
திரும்ப வைத்துவிட்டு
நூடுல்ஸ் சாப்பிடப் போனேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

நவம்பரில் அது வீடு திரும்பியது.
மெத்தை உறையோடு துவைபட்டு,
உலர்த்தியில் வெந்து,
நனைந்த ரொட்டிபோல் உப்பி, முதுகு பிளந்து.
உள்ளே இருநூறு யென், ஒரு வரி:
"மன்னிக்கவும். உறைக்குள் இருந்ததைக் கவனிக்கவில்லை.
என் துணி மூன்று வாரமாகக் காயவில்லை."

நகத்தால் பிரித்துப் பிரித்துப் படித்தேன்,
அயிலை மணக்கும் நகம்.
குழந்தை சொன்னது நிஜம்,
பிரிட்ஜ் வருகிறது, நாற்பத்தோராம் பக்கத்தில்.
பிறகு கை வரவேண்டிய இடம்.
பன்னிரண்டு தாளும் ஒட்டி
ஒரே பலகை.
விளிம்பில் கொஞ்சம் கறுப்பு மட்டும் தெரிகிறது:
தலைமுடியாக இருக்கலாம்,
மழையாகவும் இருக்கலாம்.
ஆவியில் காட்டினால் பிரியும் என்று தெரியும்.
ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் செருகினேன்.

இன்று ஐஸ் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண்,
நெமுரோவிலிருந்து வந்தவளாம்.
முதல் பாகத்தை எடுத்தாள்,
அந்த மூக்குகளைப் பார்த்துத் தன் மூக்கைச் சுளித்தாள்,
வைத்துவிட்டுப் போனாள்.
என் துணி காய இன்னும் நான்கு நிமிடம்.

சில்லறை மாற்றும் பெட்டியில்
கயிறு கட்டித் தொங்கும் பேனாவை இழுத்தேன்.
"மூன்றிலிருந்து ஆரம்பி.
ஆறைப் பற்றி ஒருவரிடம் மட்டும் கேட்காதே.
கேட்டால் எல்லோரிடமும் கேள்."

எழுதி முடித்தபின்தான் பார்த்தேன்,
மை பச்சை.