மோ வரை

லான்யியில் எண்ணூற்று நாற்பது யூரோ.
லிஃப்ட் உண்டு. ஆறு தெரிகிற ஜன்னல்.
மோவில் அறுநூற்றுத் தொண்ணூறு, நாலாம் மாடி,
அறுபத்தெட்டுப் படி.
மிதுஷா இருபதுவரை எண்ணிவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

ஷெல்லில் அண்ணா வீட்டு சோபாவை
ஏப்ரலுக்குள் விடவேண்டும்.
பழைய கரண்ட் பில்லின் பின்புறம்
கழித்துக் கழித்துப் பார்க்கிறேன்.
நூற்றைம்பது யூரோ என்றால்
சின்னவனின் பால்மா, நாப்பி,
மாதத்தின் அந்தக் கடைசி வாரம்.
தள்ளுவண்டியை யார் தூக்குவது?
அது மட்டும் கணக்கில் ஏறமாட்டேன் என்கிறது.

சுதர்மன் வாய் திறக்கவில்லை.
பாரிஸில் கடைசித் தட்டையும் கழுவிவிட்டு
கடைசி ரயில் பிடிக்கிற ஆள்.
பெப்ரவரியில் ஒருநாள்
ஷெல்லைத் தாண்டியது தெரியாமல் உறங்கி,
மோவில் விடியும்வரை
விறைத்துக்கொண்டு நடந்திருக்கிறான்.
எனக்கு இன்றுதான் சொல்கிறான்.

"மோவையே எடுப்பம்."
"ஏன், மலிவெண்டா?"
"அங்க ரயில் முடியுது.
நித்திரையானாலும்
ஆராவது தட்டி இறக்கிவிடுவினம்."

பில்லைத் திருப்பி
வரவுப் பக்கத்தில் எழுதினேன்:
நித்திரை, நாற்பது நிமிடம்.