சிவப்புப் பக்கம்

சமாதானபுரத்து மாடி ஹாலில்
பதினொன்று–ஒன்பதில் தோற்றுவிட்டு
மட்டையைத் துடைக்கிறேன்.

சோப்பு ஆகாது.
நனைத்துப் பிழிந்த பஞ்சு,
பிடியிலிருந்து மேலே, ஒரே போக்கில்.
ஆனிக் காற்று புழுதியை
மேஜையில் கொண்டுவந்து போடும்;
பந்து அதைப் பொறுக்கி
ரப்பரிடம் கொடுக்கும்.

கறுப்புப் பக்கம் பஞ்சையே கறுப்பாக்கியது.
சிவப்பு, வாங்கிய அன்று போல.
இரண்டு வருடமாக
முன்கைக்கு வந்த பந்தையெல்லாம்
நகர்ந்து நகர்ந்து
பின்கையால் எடுத்திருக்கிறேன்.

"துடைச்சா சுழல் திரும்பிருமா வே?"
ஷூ கயிற்றை அவிழ்க்கிறார் மைதீன் பிச்சை.
இன்று அவர் போட்ட சர்வீஸ் எல்லாம்
சிவப்புப் பக்கம்தான்.

நிழலில் உலர்ந்த கறுப்பில்
குமிழி விழாமல் தாளை ஒட்டினேன்.
சிவப்பில் பாதி ஒட்டி, உரித்தேன்.
"இன்னொரு கேம்?"

"ஷூவ அவுத்தாச்சே."
சொல்லிக்கொண்டே
கட்டிக்கொண்டிருந்தார்.