கொள்ளளவுப் பங்குப்பணம்

கிழமைக்கு ஐந்து நாள் நான்
மழைக்கு விலை போடுகிறவன்.

கிளிநொச்சியில், சபையின் பின்னறையில், இரண்டாவது மேசை.
ஒரு கால் கட்டை என்பதால்
பழைய வரவுசெலவுத் திட்டமொன்றை அண்டை கொடுத்திருக்கிறேன்.
கணக்கு இதுதான்:
புதிதாய்க் கட்டுகிறவருக்குக் கூரை எத்தனை சதுர அடி,
எத்தனை கழிவறை, நாளுக்கு எத்தனை லீற்றர்,
அவருக்காக வாய்க்கால் எத்தனை அங்குலம் அகலவேண்டும்.
அந்த அங்குலங்களுக்கு அவர் காசு கட்டவேண்டும்.
வருகிறவர் தன் பாரத்தைத் தானே சுமக்கட்டும்.
நியாயம்தானே?
அப்படித்தான் நினைத்தேன்
தர்மகுலநாதனின் கல்யாண மண்டபம் மேசைக்கு வந்தபோது.

எண்ணூறு கதிரை. இருபத்திரண்டு கழிவறை.
முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல்,
ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்காது.
ஆலடி ஒழுங்கை ஒரு கிழமை குடிக்கிற தண்ணீர்
ஒரு முகூர்த்தத்தில் பின்னேரம் மூன்று மணிக்குள் போய்விடும்.
தொகையைச் சொன்னேன்.
'தம்பி, நான் மண்டபம்தானே கட்டுறன்,
குளமா கட்டுறன்?'
'பின்வளவுக்காரருக்கு அது குளம்தான் ஐயா.'
சிரித்தார். காசோலை எழுதினார்.
அன்றைக்கு வீட்டுக்குச் சைக்கிளில்
விசிலடித்துக்கொண்டு போனேன்.

வியாழக்கிழமை கமலரோகிணி வந்தா.
இரண்டு அறை, ஒரு குசினி, ஓட்டுக்கூரை.
வகை என்ற இடத்தில் அவ இருக்கமுதலே நிரப்பிவிட்டேன்:
புதிய அபிவிருத்தி.
அந்தச் சொல்லில் விரலை வைத்தா.
எடுக்கவில்லை.

'புதிசெண்டு ஆர் சொன்னது?
இதே அத்திவாரத்தில தொண்ணூற்றாறு வரைக்கும் வீடு.
எல்லாரும் திரும்பி வந்து கட்டேக்க
எங்கட காணியில மிதிவெடிப் பலகை.
அதைக் கழட்டினது போன வருசம்.
முந்தி வந்தவைக்குப் பைப் சும்மா,
பிந்தினவளுக்கு நாப்பத்தேழாயிரமோ?
பிந்தினது நானோ, பலகையோ?'

விதியில் இடமிருக்கிறது.
முன்பிருந்த பாவனைக்குக் கழிவு உண்டு, ஆதாரம் இருந்தால்:
தண்ணீர்ப் பில், வரிச்சிட்டை,
அல்லது சபை ஏற்கத்தக்க வேறொன்று.
சபையின் சிட்டைகள் சபையோடு எரிந்தவை.
அதை நான் சொல்லவில்லை.
அவவுக்குத் தெரிந்திருந்தது.

சொப்பிங் பையிலிருந்து
ஒரு பித்தளைப் பைப்பை எடுத்து வைத்தா.
அரை அங்குலம். பச்சை பிடித்தது. அடியில் மண்.
கைபிடியைத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை.
கடைசியாய் யாரோ
நன்றாய் இறுக்கிப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்,
பின்னேரம் திரும்பி வருகிறவர்கள் பூட்டுவது போல.

கல்குலேற்றரை எடுத்தேன்.
வாய்க்கால் நூற்றிருபது மீற்றர்.
நாற்பத்தேழாயிரத்தைக் கழித்தால் நூற்றுப்பதினெட்டு.
இரக்கத்துக்கும் நீளம் உண்டு,
அது எங்கேயோ குறையும்.
எங்கே என்று வரைபடத்தில் விரலால் போனேன்:
மண்டபத்துப் பின்மதிலில் தொடங்கி, கிழக்கால்,
மூன்று பனை தாண்டி, மதகு தாண்டி,
அவவின் படலைக்கு முன்னால் வந்து விரல் நின்றது.

மறைக்காமல் சொன்னேன்.

கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தா.
'அந்த ரண்டு மீற்றரை நான் மண்வெட்டியால வெட்டுவன்.
நீங்கள் அந்தச் சொல்லை வெட்டுங்கோ.'

வெட்டினேன்.
வெட்டிய இடத்தில் சிறு கையெழுத்து வைக்கவேண்டும்,
வைத்தேன்.
பக்கத்தில், இருந்த இணைப்பு ஒன்று, அரை அங்குலம்.

பைப்பைக் கோவையில் கோர்க்க வழியில்லை.
'இணைப்பு அ' என்று நூலில் ஒரு துண்டு கட்டி
மேசையிலேயே வைத்திருக்கிறேன்.
காற்றாடி சுற்றும்போது கடதாசிகளுக்குப் பாரம்.
போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒருமுறை திருகிப் பார்க்கிறார்கள்.

கணக்காய்வு மாசியில்.
மாரி அதுக்கு முதல்.