பொருள் எண் நாற்பத்தொன்று

சுங்கை காடுட் கிடங்கில் சனிக்கிழமை மதியம்.
தகரக் கூரையில் மழை
யாரும் கேட்காத விலையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

சோடா இயந்திரம். அமெரிக்க வார்ப்பு. சிவப்பு.
நான்கு பேர் தூக்கும் கனம்.

முந்தைய நாள் இரண்டு மணி நேரம்
டார்ச்சும் காந்தமும் வைத்துக்கொண்டு
அதைப் பல்லைப் பிடித்துப் பார்த்தவள் நான்.
கீலுக்கடியில் நகத்தால் சுரண்டினால்
சிவப்பின் கீழே இன்னொரு சிவப்பு,
அதன் கீழே கொஞ்சம் துரு,
எழுப்பாதே என்று படுத்திருந்தது.

எழுதினேன்:
சாயம் புதிது. கதவு அசல். கம்ப்ரசர் வேறு.
பூட்டு தைவானில் செய்தது.
காசு விழும் பொறி திருத்தப்பட்டிருக்கிறது,
அமெரிக்கக் காசை இனி ஏற்காது.
இதற்கு மட்டும் எண்ணூறு வெள்ளி கழிவு.

திருத்திய திரு. குவெக்
கடைசி வரிசையில் தின்னர் வாடையோடு உட்கார்ந்திருந்தார்.
என் அறிக்கையை மடித்து விசிறிக்கொண்டார்.
எண்ணூறு வெள்ளிக் காற்று
அவர் முகத்தில் அடித்தது.

நாலாயிரத்தில் தொடங்கினார் மெல்வின்.
நாலாயிரத்து அறுநூறில் நின்றுபோனது.
அப்போதுதான் பல் மருத்துவர் ஹஸ்லிண்டா
அட்டையைத் தூக்காமல் கேட்டார்:
"ஓடுமா?"

பதினோரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.
எந்த ஆண்டு, எத்தனை சதவீதம் அசல்,
இதற்குமுன் யார் கையில் இருந்தது,
இவைதான் சேகரிப்பவர் கேள்விகள்.
ஓடுமா என்பது
பழைய கார் வாங்குகிறவர் கேள்வி.

டிரான்ஸ்ஃபார்மர் உருட்டி வந்தார்கள்.
விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டின.
இயந்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டு
முனக ஆரம்பித்தது.
"யாராவது காசு போடுங்கள்" என்றார் மெல்வின்.

அறுபது பேர். அறுபது கைப்பேசிகள்.
பைகளைத் தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.
ஒரு கோடியைக்கூட விரல் நுனியில் அனுப்பக்கூடிய அறையில்
பத்துக் காசு இல்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரோஸ்லான்
தே-ஓ வாங்கிய சில்லறையில் ஒன்றைக் கொடுத்தார்.
அடுக்குமாடி வீடு பொறித்த புதுக்காசு.
விழுங்கியது. யோசித்தது.
கீழே துப்பிவிட்டது.

"எஃகு" என்றேன்.
உள்ளே ஒரு காந்தம் இருக்கிறது.
விட்டம், எடை, உலோகம், மூன்றையும் பார்த்து
வேண்டாததைத் திருப்பித் தரும்.
காரணம் எழுதாது. கையெழுத்துப் போடாது.
என் வேலையை
என்னைவிடச் சுருக்கமாகச் செய்கிறது.

குவெக் எழுந்து வந்தார்.
சட்டைப் பையிலிருந்து எடுத்தது
கடற்குதிரை பொறித்த பழைய பத்துக் காசு.
ஓரத்தில் துளை. துளையில் தூண்டில் நரம்பு.
கிடங்கே சிரித்தது.
"சோதித்துப் பார்க்க இது ஒன்றுதான் இருக்கிறது,
அதனால்தான் கயிறு" என்றார்,
சிரிக்காமல்.

போட்டார்.
உள்ளே எதுவோ எதையோ நம்பியது.
தொம்மென்று விழுந்தது புட்டி.
நிறைய குழாய்த் தண்ணீர்,
ஆனால் சில்லென்று இருந்தது.

அதன்பிறகு விலை படியேறவில்லை, லிஃப்டில் போனது.
ஐந்து, ஆறு, தொலைபேசியில் யாரோ ஏழு.
ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்தில்
டாக்டர் ஹஸ்லிண்டாவுக்குச் சுத்தியல் விழுந்தது.
நான் கழித்த எண்ணூறைப் பற்றி
யாரும் பேசவில்லை, நான் உட்பட.

குவெக் நரம்பை இழுத்தார்.
மெதுவாக.
பிறகு கொஞ்சம் வேகமாக.
வெறும் நரம்பு வந்தது.

சாவி இப்போது டாக்டரிடம்.
விற்பனை விதி பதினாறு:
உள்ளே இருப்பவை பொருளோடு சேரும்.
அந்த விதியை எழுதியதும் நான்தான்.
அவர் டாக்டரைப் பார்க்கவில்லை.
என்னைத்தான் பார்த்தார்,
எதுவும் கேட்காமல்
நரம்பை விரலில் சுற்றிக்கொண்டே.

அறிக்கையின் நான்காம் பக்கத்தில்
'காசுப் பெட்டி: காலி' என்றிருந்ததை அடித்தேன்.
பேனாவால் எழுதினேன்:
பத்துக் காசு, ஒன்று. துளையுண்டு. அசல்.

மதிப்பு என்ற கட்டத்துக்கு வருவதற்குள்
நாற்பத்திரண்டைக் கூப்பிட்டுவிட்டார்கள்.