தாள் சிக்கிய இடம்

எங்கள் பள்ளி மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளிகள் மூன்று.
மூன்றிலும் ஒரே நகல் இயந்திரம்,
ஒரே குத்தகை,
இரண்டாம் தட்டில் தாள் சிக்கும் ஒரே நோய்.
கூப்பிட்டால் போவது நான்.
சட்டையில் வெர்ன் என்று தைத்திருக்கும்.

கான்சஸில் பிப்ரவரி.
வேனின் ஹீட்டர் என் இடது முழங்காலை மட்டும் சூடாக்கும்.

காலையில் லிண்டன் ஹில்.
பக்கக் கதவைத் திறந்து, உருளையைத் தளர்த்தி,
விசிறிபோல் மடிந்த தாளை மெல்ல உருவினேன்.
ஏழாம் வகுப்பு. கணக்கு.
"விடை மட்டும் போதாது.
ஏன் என்று இரண்டு வாக்கியம் எழுதுக."
கீழே ஒரு கையகலம் வெற்றிடம்.

மதியம் ஈஸ்ட் ஃப்ளாட்ஸ்.
தண்டவாளம் தாண்டி, தானியக் கோபுரத்தின் நிழல் விழும் பள்ளி.
அங்கும் ஏழாம் வகுப்பு. கணக்கு. அதே வாரம்.
பூசணிக்காய்க்கு வண்ணம் தீட்ட வேண்டும்:
கூட்டினால் ஒற்றைப்படையா, ஆரஞ்சு.
இரட்டைப்படையா, பச்சை.
பூசணிக்காய், பிப்ரவரியில்.

கூப்பர் பள்ளியில் இரண்டு வகையும் சிக்கும்,
எந்த அறைக்குப் போகும் தாள் என்பதைப் பொறுத்து.

இயந்திரத்தின் வயிற்றில் ஓர் எண்ணி உண்டு.
ஈஸ்ட் ஃப்ளாட்ஸில் அது
லிண்டன் ஹில்லைப்போல் மூன்று மடங்கு ஓடியிருந்தது.
எவ்வளவு படிக்கிறார்கள் என்று
முதல் வருடம் வியந்தேன்.
வியந்ததை வீட்டில் சொல்லவும் செய்தேன்.

திருமதி ஓசுனா என் பின்னால் நின்று
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கழுத்தில் விசில்.
"நான் உடற்பயிற்சி டீச்சர்,
ஆகஸ்டிலிருந்து கணக்கும் நான்தான்.
முப்பத்தாறு பேர். சீக்கிரம் முடியுமா?"
முடித்துக் கொடுத்தேன்.
பூசணிக்காய்கள் சூடாக வந்து விழுந்தன.

என் மகள் கோரா அந்த முப்பத்தாறில் ஒருத்தி.
குளிர்பெட்டிக் கதவில் அவளுடைய மதிப்பெண் அட்டை,
மேலிருந்து கீழ்வரை ஏ.
லிண்டன் ஹில்லிலும் ஏ தருகிறார்கள்.
அதே எழுத்து, அதே அட்டை,
மாவட்ட அலுவலகத்தின் அதே முத்திரை.

சிக்கிய தாளைக் கிழித்துப் போட வேண்டும் என்பது விதி.
அன்று ஒன்றை மடித்துப் பையில் வைத்தேன்.

சாப்பாட்டு மேசையில் கோரா அதை நீவி விரித்தாள்.
விரலெல்லாம் கருமை.
"அப்பா, அஞ்சாவது கேள்வி பாதிதான் இருக்கு."
ஒரு குழாய் தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும்.
இரண்டாம் குழாய் ஒன்பது மணி நேரத்தில்
அத்தோடு கிழிசல்.

"நிரப்புமா, காலி பண்ணுமா?"
எனக்கென்ன தெரியும்.
பதினெட்டு வாளி வரைந்தாள்.
மணிக்கு மூன்று உள்ளே, இரண்டு வெளியே.
அழித்தாள். இரண்டும் உள்ளே என்று வைத்துப் பார்த்தாள்.
மக்ரோனி ஆறி ஏடு கட்டியது.
இரண்டு விடை வந்தது,
இரண்டையும் சுற்றி வட்டம் போட்டாள்.

பிறகு அந்த வெற்றிடத்தை வெகுநேரம் பார்த்தாள்.
"ஏன்னு எழுதச் சொல்றாங்களே,
எழுதினா யாரு படிப்பா?"

உருளை, சுருள், பல்சக்கரம்,
வேனில் எல்லாம் இருக்கிறது.
இதற்கு மாற்றிப் போட என்னிடம் பாகம் இல்லை.
தட்டுகளை எடுத்துக் கழுவப் போனேன்.
குழாயை மூடியபோது பென்சில் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை மறுபடி லிண்டன் ஹில்.
உருளைக்குப் பின்னால், கட்டைவிரல் அகலத்தில்,
மீதிக் கேள்வி ஒட்டிக்கொண்டிருந்தது:
"காலி செய்யும். ஆனால் இன்று அது மூடியிருக்கிறது."

சிரித்துவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.
மாவட்டத்தின் மறுகோடியில் ஒரு பெண்
திறந்திருப்பதாக நம்பிப்
பதினெட்டு வாளி சுமந்திருக்கிறாள்.

துண்டைப் பர்ஸில் வைத்தேன்.
இன்னும் காட்டவில்லை.
கதவை மூடி, எண்ணியைக் குறித்துக்கொண்டு,
சோதனைக்கு ஒரு தாள் விட்டேன்.
வெறும் தாள்.
சுத்தமாக வந்தது.